எக்கல் கணக்கு பாறைக்குப் பொருந்தாது

காவிரிப் படுகையில் பயிர் வைப்பவர்களுக்குப் படிவு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையை உடைத்துக்கொண்டு வெள்ளம் வயலுக்குள் வந்தால் உடைப்பின் வாயில் பருமணல் மேடு போடும். அதைத் தாண்டிப் பொடிமணல். வயலின் கோடியில் எக்கல் என்கிற மெல்லிய வண்டல். கல்லணைப் பக்கம் மணற்பாங்கு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் களி என்று டெல்டா முழுக்க இதே வரிசைதான். கனமானது முதலில் இறங்கும், இலேசானது தூரம் போகும் என்பது இங்கே கண்ணால் பார்த்துப் படித்த பாடம். அதனாலேயே, குரோமியமும் பிளாட்டினமும் வனேடியமும் பூமிக்கடியில் எப்படி மெல்லிய அடுக்குகளாகச் சேர்ந்தன என்ற கேள்விக்கு, "மாக்மா என்ற பாறைக்குழம்பு குளிரும்போது கனமான கனிமம் அடியில் படிந்துவிட்டது" என்று ஒரே வரியில் பதில் வந்தால் டெல்டாக்காரர் மனம் உடனே ஒப்புக்கொள்கிறது. நிலவியல் படிக்கிற பிள்ளைகளில் பலரும் அந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்த வரி எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அதை நம்பித் தாது தேடப் போனால் தேட வேண்டிய மட்டமே தப்பிப்போகும். கனமானது அடியில் இருக்கும் என்றால் அடியைத்தானே துருவுவோம்? உலகத்துப் பிளாட்டினத்தின் பெரும்பகுதியைத் தரும் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டு பாறைத்திரளில் அந்த அடுக்குகள் அடியிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அதற்கும் வெகு மேலே, உச்சிக்குப் பக்கத்தில், அந்தத் திரளின் மிகக் கனமான கனிமங்களில் ஒன்றான மேக்னடைட் இருபதுக்கு மேற்பட்ட அடுக்குகளாக நிற்கிறது. எடை ஒன்றே காரணமாக இருந்தால் இந்த வரிசை வந்திருக்காது.

எட்டு கிலோமீட்டரில் ஒரு மீட்டர்

புஷ்வெல்டு சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோட்டுக்குள் நுழைந்து குளிர்ந்த மாக்மா. பரப்பு ஏறக்குறைய 65,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதி. தடிமன் 7 முதல் 9 கிலோமீட்டர். கீழே ஆலிவீன், பைராக்சீன் என்ற கனிமங்கள் நிறைந்த கருநிறப் பாறை. அதன் மேல் குரோமியத்தின் தாதுவான குரோமைட் அடுக்குகள் மாறி மாறி வரும் 'கிரிட்டிக்கல் ஸோன்'. பிறகு பெரும்பாலும் காப்ரோ என்ற பாறையாக நீளும் பிரதான மண்டலம். உச்சியில் மேக்னடைட் அடுக்குகளோடு மேல் மண்டலம். குரோமைட் அடுக்குகளுக்குக் கீழ்க் கூட்டம் (எல்ஜி), நடுக் கூட்டம் (எம்ஜி), மேல் கூட்டம் (யூஜி) என்று வைத்து எண் கொடுத்திருக்கிறார்கள். எல்ஜி6 குரோமியத்துக்காக வெட்டப்படுவது. யூஜி2 சுமார் ஒரு மீட்டர் தடிமன். குரோமியத்தோடு பிளாட்டினக் குடும்ப உலோகங்களும் டன்னுக்கு நான்கைந்து கிராம் அளவில் கிடைக்கின்றன. அதற்கு மேலே, பிளாட்டினம் தரும் மெரென்ஸ்கி ரீஃப் என்ற தாது அடுக்கு. பல இடங்களில் அதுவும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மேல் மண்டலத்தின் முக்கிய மேக்னடைட் அடுக்கு ஏறக்குறைய 2 மீட்டர், அதில்தான் வனேடியம்.

இந்த அளவுகளை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எட்டு கிலோமீட்டர் உயரப் பாறையில் விலைபோகிற பாகம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மீட்டர்கள். ஆனால் அந்த ஒரு மீட்டர் அடுக்கு பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது. இவ்வளவு மெல்லியதாக, இவ்வளவு நீளமாக, இவ்வளவு தூய்மையாக ஒரு கனிமம் மட்டும் எப்படிப் பிரிந்தது என்பதே கேள்வி. "படிந்தது" என்பது நடந்ததன் கடைசிக் கட்டத்தை மட்டும் சொல்கிறது.

இறங்கும் வேகத்தைக் கணக்குப் போட்டால்

ஒரே திரவத்துக்குள் ஒரு குருணை இறங்கும் வேகம் இரண்டை நம்பியிருக்கிறது: அடர்த்தி வித்தியாசம், ஆரத்தின் இருமடி. இரண்டாவது முக்கியம். அளவு பாதியானால் வேகம் கால்வாசியாகிவிடும். பசால்ட் மாக்மாவின் பிசுக்கை 100 பாஸ்கல்-வினாடி, அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2.7 டன் என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆலிவீன் படிகம், அடர்த்தி 3.3. அது ஒரு நாளில் இறங்குவது சுமார் 28 சென்டிமீட்டர். குரோமைட்டின் அடர்த்தி 4.5, ஆனால் அது பெரும்பாலும் பொடிப் படிகமாகவே வளரும். விட்டம் 0.2 மில்லிமீட்டர் என்றால் ஒரு நாளில் இறங்குவது 3.4 சென்டிமீட்டர்தான். கனமான குரோமைட்டை இலேசான ஆலிவீன் எட்டு மடங்கு வேகத்தில் முந்திப் போய்விடுகிறது. இரண்டும் ஒன்றாகப் படிகமாகி இறங்கினால் கீழே ஆலிவீனும் மேலே குரோமைட்டுமாக மங்கலான ஒரு கலவை கிடைக்குமே தவிர, கத்தியால் கோடு கிழித்தாற்போல் அடிப்பக்கம் தெரியும் தனிக் குரோமைட் அடுக்கு கிடைக்காது.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. ஆலிவீனும் குரோமைட்டும் மாக்மாவிலிருந்து சேர்ந்தே வெளிவரும்போது குரோமைட்டின் பங்கு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மீதி 98 பங்கு ஆலிவீன் எங்கே போயிற்று என்று படிவுக் கொள்கை பதில் சொல்லியாக வேண்டும்.

பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர்நிறக் கனிமம் இன்னும் சங்கடம். அதன் அடர்த்தி 2.7-ஐ ஒட்டியது. இரும்பு ஏறிய மாக்மாவில் அது இறங்கவே இறங்காது, அந்தரத்தில் நிற்கும் அல்லது மிதக்கும். அப்படியிருந்தும் புஷ்வெல்டில் பிளேஜியோகிளேஸ் மட்டுமே கொண்ட வெள்ளை அனார்த்தொசைட் அடுக்குகள் கருங்குரோமைட்டுக்குக் கீழும் மேலும் வருகின்றன. ட்வார்ஸ் ஆற்றங்கரையில் யூஜி1 அடுக்கு வெளியே தெரிகிற பாறைமுகம் உலகப் புகழ் பெற்றது. வெள்ளைக்குள் கருப்புப் பட்டைகள், அவை பிரிந்து இரண்டாகி, மறுபடி கூடி, நடுவில் வெள்ளைப் பாறையைத் தீவாக விட்டுப் போகும். அதைப் படத்தில் பார்த்தவர்கள்கூட ஒருமுறை நின்று யோசிப்பார்கள்.

இங்கே நம் டெல்டாவுக்கு ஒரு நிமிடம் திரும்ப வேண்டும், ஏனென்றால் டெல்டாவிலேயே இந்தப் பாடம் முழுசாக நடக்கவில்லை. தரங்கம்பாடி, பூம்புகார் கரையில் வடகிழக்குப் பருவமழை அலைகள் ஓய்ந்தபின் கருமணல் பட்டைகள் தெரியும். ஓரிடத்தில் செங்குத்தாக ஒரு சாண் வெட்டிப் பார்த்தால் சில மில்லிமீட்டர் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை கருப்பு, நடுவில் வெளிர் மணல், மறுபடி கருப்பு. உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் கருங்குருணைகள் பக்கத்திலுள்ள குவார்ட்ஸ் குருணையைவிடத் தெளிவாகச் சிறியவை. இடையிடையே கார்னெட்டின் இளஞ்சிவப்பு. கருங்குருணையான பொடி இல்மனைட்டும் பருங்குவார்ட்ஸும் நீரில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்குவதால் இரண்டும் முதலில் கலந்தேதான் கரையில் சேர்கின்றன. பிறகு திரும்பி ஓடும் அலை, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பருங்குவார்ட்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறது. இடுக்கில் பதுங்கிய கருங்குருணை தங்கிவிடுகிறது. கருப்பு அடுக்கு உண்டாவதற்குக் காரணம் வெள்ளை நீக்கப்பட்டது. படிந்தது பாதி வேலை, கழித்தது மறுபாதி. டெல்டாவின் எக்கலை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த மறுபாதியை விட்டுவிடுகிறார்கள்.

கவிந்த சுவரில் ஒட்டிய அடுக்கு

படிவு வாதத்தை என்னளவில் அசைத்துப்போட்டது கணக்கைவிட ஒரு பாறைச் சாட்சி. மெரென்ஸ்கி ரீஃப் எங்கும் தட்டையாக ஓடுவதில்லை. ஆங்காங்கே வட்டமான பள்ளங்களுக்குள் சரிந்து இறங்கும். சுரங்கக்காரர்கள் அவற்றைப் 'பாட்ஹோல்' என்பார்கள். சில மீட்டர் அகலத்திலும் இருக்கும், சில நூறு மீட்டர் அகலத்திலும் இருக்கும். சுரங்கத்துக்கு அது பெரிய தலைவலி: ரீஃபைப் பின்தொடர்ந்து ஒரு மீட்டர் உயரத்தில் குடைந்து போகிறவர்களுக்குத் திடீரென்று தாது காலடிக்குக் கீழே மறைந்துவிடும். திட்டமிட்ட டன் கணக்கு உடைவது, குடைவழி வளைவது, கூரைப்பாறை பலவீனமாவது எல்லாம் இந்தப் பள்ளங்களின் ஓரத்தில்தான்.

அந்தப் பள்ளங்களின் ஓரச்சுவர் சில இடங்களில் உள்பக்கம் அரிக்கப்பட்டு, மேலே பாறை குடைபோலக் கவிந்து நிற்கிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ரைஸ் லாத்திபோவும் கூட்டாளிகளும் 2017-இல் விரிவாக விவரித்தது இதைத்தான். சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் தடிமனுள்ள குரோமைட் பட்டை பள்ளத்தின் தரையில் மட்டும் இல்லை. சுவரில் ஏறி, கவிந்த பாறையின் அடிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டே போகிறது. மேலிருந்து விழுகிற எந்தக் குருணையும் கவிந்த கூரையின் அடியில் போய்ப் படியாது. அந்தப் பட்டை இருந்த இடத்திலேயே, சூடான மாக்மா பழைய பாறையைக் கரைத்து அரித்த மேற்பரப்பிலேயே, ஒட்டி வளர்ந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. ஒன்று, அந்த மட்டத்தில் புதிய மாக்மா வந்திருக்கிறது. அது கீழிருந்த பாறையை அரிக்கும் அளவுக்குச் சூடாக இருந்திருக்கிறது. இரண்டு, வந்த மாக்மா கொஞ்ச காலத்துக்காவது குரோமைட்டை மட்டுமே படிகமாக்கும் நிலையில் இருந்திருக்கிறது. தாது அடுக்கு என்பது அந்த வரவின் பதிவேடு. எனவே தேட வேண்டியது கனம் சேர்ந்த அடிப்பகுதியை விட, மாக்மாவின் குணம் சட்டென்று மாறிய மட்டத்தை.

குரோமைட் மட்டும் ஏன்

இதற்கு நல்லதொரு விளக்கத்தை முன்வைத்தவர் நிலவியலாளர் நீல் இர்வின். ஆலிவீனும் குரோமைட்டும் சேர்ந்து படிகமாகும் எல்லைக்கோடு வளைந்தது என்பது அவர் எடுத்துக்கொண்ட புள்ளி. மாக்மா சாதாரணமாகக் குளிர்ந்தால் அந்தக் கோட்டின் மேலேயே நகரும். ஆலிவீன் அதிகம், குரோமைட் சொற்பம். ஆனால் கோட்டின் ஒரு புள்ளியில் உள்ள பழைய மாக்மாவும் இன்னொரு புள்ளியில் உள்ள புது மாக்மாவும் கலந்தால், கலவை இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் விழும். கோடு வளைந்திருப்பதால் அந்த நடுப்புள்ளி குரோமைட் மட்டும் படிகமாகும் பகுதிக்குள் போய்விடுகிறது. கலவை மறுபடி கோட்டுக்கு வந்து சேரும்வரை ஆலிவீனுக்கு இடமே இல்லை. 1975-இல் அவர் முதலில் சொன்னது, சிலிக்கா மிகுந்த மேலோட்டுப் பாறை உருகி மாக்மாவில் கலந்தால் இது நடக்கும் என்று. 1977-இல் மாக்மாவோடு மாக்மா கலப்பதையே முக்கியக் காரணமாக்கினார். அழுத்தம் மாறினாலும் இதே விளைவு வரலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

ஆனாலும் குரோமியம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் குரோமைட் பாறையின் எடை சுமார் 4.2 டன், அதில் குரோமியம் 30 சதவீதம் என்றால் 12.6 லட்சம் கிராம். மாக்மா டன்னுக்கு 300 கிராம் குரோமியத்தை விட்டுக்கொடுக்கிறது என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு கன மீட்டர் மாக்மாவிலிருந்து 810 கிராம். அப்படியானால் ஒரு மீட்டர் தடிமனுக்குச் சுமார் 1,550 மீட்டர் உயர மாக்மா தேவை. எல்ஜி6, யூஜி2 என்று ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கைப் போட்டால் புஷ்வெல்டில் இன்று இருக்கும் பாறை போதாது. குரோமியத்தைக் கொடுத்துவிட்டு மாக்மாவின் பெரும்பகுதி வேறெங்கோ வெளியேறியிருக்க வேண்டும். அடைத்து வைத்த குளமாக இருந்ததில்லை இந்தத் திரள். உள்ளே வரத்தும் வெளியே வடிகாலும் இருந்திருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், படிவுக் கொள்கை முற்றாகத் தோற்றுவிடவில்லை. பாதி இறுகிய படிகச் சேறு, திரளின் நடுப்பகுதி அமிழும்போது சரிந்து ஓடி, ஓட்டத்திலேயே பொடியும் பருமையுமாகப் பிரிந்து குரோமைட் அடுக்கானது என்று ஒரு தரப்பு இன்றும் வலுவாகச் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்தது, அவர்களும் வெறும் எடையை நம்பாமல் ஓட்டத்தை நம்புகிறார்கள் என்பது.

கந்தகத் துளி

பிளாட்டினத்தின் கதை வேறு. பசால்ட் மாக்மாவில் பிளாட்டினம் நூறு கோடியில் பத்துப் பங்கு, அதாவது டன்னுக்கு 0.01 கிராம் அளவில்தான் கரைந்திருக்கும். ரீஃபில் குடும்பத்தோடு சேர்த்து டன்னுக்கு 5 கிராம். இந்தச் சில நூறு மடங்கு உயர்வைத் தருவது பெரும்பாலும் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத் திரவம். மாக்மாவில் கந்தகம் கரைந்திருக்க ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் இரும்பும் நிக்கலும் செம்பும் கலந்த சல்ஃபைடு, தனித் துளிகளாகப் பிரியும். பிளாட்டினமும் பல்லேடியமும் சிலிக்கேட் மாக்மாவைவிட அந்தத் துளிக்குள் ஒரு லட்சம் மடங்கோ அதற்கு மேலோ விரும்பிப் போகும். நிக்கலுக்கு அந்த விருப்பம் சில நூறு மடங்குதான்.

ஆனால் விருப்பம் இருந்து பயனில்லை, துளி எவ்வளவு மாக்மாவைச் சந்தித்தது என்பதே தீர்மானிக்கிறது. நிலவியலாளர்கள் கேம்பெல்லும் நால்ட்ரெட்டும் 1979-இல் இதை 'ஆர்' காரணி என்று எழுதினார்கள்: துளியின் நிறைக்கு எத்தனை மடங்கு மாக்மா அதோடு சமநிலைக்கு வந்தது என்ற விகிதம். விருப்பத்தை ஒரு லட்சம், தொடக்கப் பிளாட்டினத்தைத் டன்னுக்கு 0.01 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஆர் 1,000 என்றால் சல்ஃபைடில் டன்னுக்குச் சுமார் 10 கிராம். ஆர் 10,000 என்றால் 91 கிராம். ஆர் ஒரு லட்சம் என்றால் 500 கிராம். பாறையில் நூற்றுக்கு ஒரு பங்கு சல்ஃபைடு இருந்தாலே போதும், கடைசிக் கணக்கு டன்னுக்கு 5 கிராமைத் தொட்டுவிடும். நிக்கலுக்கு இதே கணக்கைப் போட்டால், டன்னுக்கு 300 கிராமில் தொடங்கி, விருப்பம் 300 மடங்கு என்றால், ஆர் 1,000-த்தில் 6.9 சதவீதம், 10,000-த்தில் 8.7 சதவீதம். நிக்கல் கொஞ்சம்தான் ஏறுகிறது. பிளாட்டினம் ஒன்பது மடங்காகிறது.

நடைமுறையில் இதன் பொருள் பெரியது. கண்ணைப் பறிக்கும் அளவுக்குச் சல்ஃபைடு நிறைந்த பாறை நிக்கலும் செம்பும் தரலாம். பிளாட்டினம் தருமென்று நம்ப முடியாது, ஏனென்றால் துளிகள் அதிகமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் மாக்மா குறையும். பிளாட்டினம் தேடுகிறவர் தேட வேண்டியது அங்கங்கே ஒரு புள்ளியாக, கைலென்ஸில் மட்டும் தெரிகிற சல்ஃபைடை. ஓட்டமும் கலக்கலும் நிறைந்த மாக்மாவில் சொற்பத் துளிகள் நெடுநேரம் சுற்றியிருக்க வேண்டும். மறுபடியும் வரத்தும் கலக்கலும்தான், எடை அப்புறம்.

சித்தம்பூண்டி

டெல்டாவின் அடியில் இதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. வண்டலும் அதற்குக் கீழ் கடற்படிவுகளும் சேர்ந்து பல இடங்களில் ஆயிரக்கணக்கான மீட்டர். ஆனால் ஆற்றோடு மேலே போனால், நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் வட்டாரத்தில், காவிரிக்கு வடக்கே, சித்தம்பூண்டி இருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழைமையான அனார்த்தொசைட் திரள். அதற்குள் குரோமைட் பட்டைகள். ஏ.பி. சுப்ரமணியம் 1956-இல் அமெரிக்க நிலவியல் சங்க இதழில் எழுதிய நீண்ட கட்டுரை உலகத்தை இந்த ஊர்ப் பக்கம் திருப்பியது. சந்திரயான்-2 ஊர்தியைச் சோதிக்க நிலா மண்ணுக்கு மாற்றாக இஸ்ரோ பொடித்தெடுத்த பாறையும் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தொசைட்தான். நிலாவின் வெள்ளைப் பாறை, மாக்மாக் கடலில் பிளேஜியோகிளேஸ் மிதந்து மேலே சேர்ந்தது என்பது பரவலான கருத்து. சித்தம்பூண்டியில் அந்த விளக்கத்தை அப்படியே ஒட்ட முடியாது. இங்கே பிளேஜியோகிளேஸில் கால்சியம் மிக அதிகம், கூடவே ஹார்ன்பிளெண்டு என்ற கனிமம். நீர் கலந்த மாக்மாவின் அடையாளம் அது. நீர் சேர்ந்தால் எந்தக் கனிமம் முதலில் வரும் என்ற வரிசையே மாறிவிடும்.

இங்கே குரோமைட் இரும்பும் அலுமினியமும் ஏறிய ரகம், உலோகக் குரோமியத்துக்குக் கேட்கும் தரம் அல்ல. பிளாட்டினக் குடும்பத்துக்காக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இந்தத் திரளைத் துருவியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், புஷ்வெல்டின் அடுக்குகள் ஏறக்குறைய கிடந்த நிலையிலேயே இருக்க, சித்தம்பூண்டி அடுக்குகள் மடிந்து செங்குத்தாக நிற்கின்றன. வெப்பமும் அழுத்தமும் கனிமங்களையே மாற்றிவிட்டன. கார்னெட் வந்திருக்கிறது, சில இடங்களில் கொரண்டம் வந்திருக்கிறது. மடிப்பில் ஒரே அடுக்கு இரண்டு மூன்று தடவை தலைகாட்டும். அதை மூன்று அடுக்கு என்று எண்ணிவிட்டால் தாதுக் கணக்கு மூன்று மடங்காக வீங்கிவிடும். எது அடி, எது மேல் என்பதே முதல் கேள்வி. குரோமைட் பட்டையின் ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் மெல்ல மங்கியும் இருந்தால், கூர்மையான பக்கம் பெரும்பாலும் அடி. ஒரு பட்டையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரே குறுக்குவெட்டில் பல பட்டைகள் ஒரே திசையைச் சொல்ல வேண்டும்.

மாதிரி எடுப்பதில் கைமோசம் போகிற இடங்கள் தெரிந்தவைதான். தாது ஒரு மீட்டர் என்றால் பத்து மீட்டருக்கு ஒரு மாதிரி எடுப்பதில் அர்த்தமில்லை. ரீஃபுக்குக் குறுக்கே 20 அல்லது 25 சென்டிமீட்டருக்கு ஒன்று, மேலும் கீழும் இரண்டு மீட்டராவது தாண்டி. குரோமைட்டும் அனார்த்தொசைட்டும் சந்திக்கும் கோட்டில் மாதிரியைப் பிரித்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டால் பிளாட்டினம் பட்டையின் அடியில் இருந்ததா மேலே இருந்ததா என்பது அழிந்துபோகும். ஆய்வகத்தில் ஈயம் கொண்டு உருக்கிப் பிரிக்கும் முறை பிளாட்டினம், பல்லேடியம், தங்கத்துக்குச் சரி. ரோடியம், இரிடியம், ருத்தேனியம் வேண்டுமென்றால் நிக்கல் சல்ஃபைடு முறை வேண்டும். வழக்கமான 30 கிராம் எடை குரோமைட் மிகுந்த மாதிரிக்கு ஒத்துவராது. குரோமைட் எளிதில் உருகாது. உருகாத குருணைக்குள் மாட்டிக்கொண்ட உலோகம் கணக்கில் வராமல் அளவு குறைந்து காட்டும். எடையைக் குறைத்து, உருகுவதற்கு உதவச் சேர்க்கும் பொருளைக் கூட்டச் சொல்லி ஆய்வகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆற்றிலிருந்து அடுக்குக்கு

மெரென்ஸ்கி ரீஃபைக் கண்டுபிடித்த வழி நமக்கு நெருக்கமானது. 1924-இல் ஆண்ட்ரீஸ் லோம்பார்ட் என்ற விவசாயி தன் நிலத்து வறண்ட ஓடையின் மணலை அரித்துப் பார்த்தபோது வெண்ணிறக் கனக்குருணைகள் கிடைத்தன. அவற்றை நிலவியலாளர் ஹான்ஸ் மெரென்ஸ்கிக்கு அனுப்பினார். மெரென்ஸ்கி ஓடையிலிருந்து மேலேறி, குருணை வரத்து எந்த மட்டத்துக்கு மேல் நின்றுபோகிறது என்று பார்த்துப் பார்த்துப் பாறையில் அடுக்கைப் பிடித்தார். வண்டலிலிருந்து பாறைக்குப் பின்னோக்கிப் போன பயணம் அது.

இதைக் கேட்டவுடன் பூம்புகார்க் கருமணலை அரித்தால் என்ன என்று தோன்றும். தோன்றக் கூடாது. அந்த மணல் கர்நாடகத்திலிருந்து இங்குவரை உள்ள கைனைஸ், சார்னொகைட், கிரானைட் பாறைகள் எல்லாவற்றின் கழிவும் கலந்தது. இல்மனைட், மேக்னடைட், கார்னெட் எல்லாம் பெரும்பாலும் அவற்றிலிருந்து வந்தவை. சில கிலோமீட்டர் அகலத்துச் சித்தம்பூண்டியின் பங்கு அதில் கரைந்துபோய்விடும். அரிப்பு வேலை பலிப்பது சிற்றோடையில், மூலப்பாறையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்.

செய்கிற விதம்: ஓடையில் தாய்ப்பாறை வெளியே தெரியும் இடத்தைத் தேர்ந்து, பாறை இடுக்கிலும் சரளையின் அடிமட்டத்திலும் உள்ளதை எடுக்க வேண்டும், மேல்மணலில் ஒன்றும் இருக்காது. 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, எல்லா இடத்திலும் ஒரே அளவு, 10 லிட்டர் என்று வைத்தால் 10 லிட்டர். தட்டில் அரித்துக் கருப்பு மட்டும் மிஞ்சியதும் காயவைத்துக் காந்தம் போடுவார்கள். காந்தத்தில் ஒட்டியது வெறும் மேக்னடைட் என்று கொட்டிவிடுவது வழக்கம். அது பெரிய தவறு. இரும்பு கலந்த பிளாட்டினக் குருணையும் காந்தத்துக்கு இழுபடும். இரண்டு பங்கையும் தனித்தனிப் பொட்டலமாக வைக்க வேண்டும். கருங்குருணை குரோமைட்டா மேக்னடைட்டா என்று பார்க்க மெருகு போடாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் போதும்: மேக்னடைட் கருங்கோடு, குரோமைட் பழுப்புக்கோடு.

ஓடை கையைக் காட்டியபின் பாறையில் எந்த மட்டம் என்பதற்குச் சல்ஃபைடே தெரியாத வெற்றுப்பாறையும் சாட்சி சொல்லும். செம்புக்கும் பல்லேடியத்துக்கும் உள்ள விகிதம் அது. சல்ஃபைடு பிரியாத மாக்மாவில் இந்த விகிதம் ஏறக்குறைய 1,000-க்கும் 10,000-க்கும் இடையில். துளி பிரிந்தவுடன் பல்லேடியம் செம்பைவிடப் பல மடங்கு வேகமாகத் துளிக்குள் ஓடிவிடும். மீந்த மாக்மாவில் விகிதம் சட்டென்று எகிறும். கீழிருந்து மேலாக எடுத்த மாதிரிகளில் விகிதம் எங்கே தாவுகிறதோ அதற்குச் சற்றுக் கீழேதான் ரீஃப் இருக்க வேண்டும். சித்தம்பூண்டி மாதிரி உருமாறிய பாறையில் செம்பும் கந்தகமும் இடம்பெயர்ந்திருக்கலாம், ஆகவே செம்பை மட்டும் நம்பாமல் நிக்கல், குரோமியம், பிளாட்டினம் எல்லாவற்றையும் ஒரே குறுக்குவெட்டில் வரைந்து, தாவல் ஒரே மட்டத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகவே குரோமைட் பட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு நடுவில் உள்ள வெள்ளைப் பாறையை விட்டுவரக் கூடாது. பட்டைக்குக் கீழுள்ள வெள்ளைக்கும் மேலுள்ள வெள்ளைக்கும் தனித்தனி எண், தனித்தனிப் பை.